பனி விலகும்வரை

தமிழில் 'பனி' என்னும் ஒரே சொல் பல பொருள்களைச் சுமக்கிறது. மார்கழி விடியலில் சோளத் தட்டையின் மேல் முத்து முத்தாக நிற்பதும் பனி. கார்த்திகை மாதத்துக் காலையில் கண்மாய்க் கரையை மறைத்து நிற்பதும் பனி. இமயத்தின் முடியில் வெள்ளைப் பாறையாய் இறுகிக் கிடப்பதும் பனியே. மல்லாங்கிணற்றையும் அதைச் சுற்றிய கரிசல் ஊர்களையும் சேர்ந்த எங்களுக்கு முதல் இரண்டும் பழக்கமானவை. மூன்றாவதை நாங்கள் அறிந்ததெல்லாம் பாடப் புத்தகத்தின் வழியாகவும் திருவிவிலியத்தின் வழியாகவும்தான். தானியேல் நூலில் தீச்சூளையில் நின்ற மூன்று இளைஞர் பாடும் பாடலில் உறைபனியும் மூடுபனியும் இறைவனைப் போற்ற அழைக்கப்படுகின்றன. நூறு டிகிரி வெயிலில் விசிறி மட்டையோடு அமர்ந்து அந்தப் பாடலை நம்மவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். பார்த்திராத ஒன்றையும் இறைபுகழுக்கு அழைக்கும் உரிமை விசுவாசிக்கு உண்டு போலும்.

பருவம் தவறிய பனியும் தென்மாவட்டக் கத்தோலிக்கருக்கு அந்நியமன்று. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 26ஆம் நாள் தூத்துக்குடியில் கொடி ஏறுகிறது. ஆகஸ்ட் 5ஆம் நாள் பனிமய அன்னையின் பெருவிழா. நான்காம் நூற்றாண்டில், திருத்தந்தை லிபேரியுசின் காலத்தில், உரோமையின் எஸ்குயிலின் குன்றின்மேல் கடுங்கோடையில் பனி பெய்ததாகவும், பனி பெய்த இடமே அன்னைக்கு ஆலயம் எழுப்பவேண்டிய இடமெனக் கொள்ளப்பட்டதாகவும் மரபு கூறுகிறது. இன்றும் அந்த நாளில் உரோமை மரியன்னைப் பெருங்கோவிலின் மேல்தளத்திலிருந்து வெள்ளை மலரிதழ்களைப் பனிபோலத் தூவுகிறார்கள். அங்கே கோடைப்பனி, 'இங்கே கட்டு' என்று சொன்ன அடையாளம். எங்கள் வாழ்வில் நாங்கள் கண்ட கோடைப்பனியோ, 'இங்கே நில்' என்று சொன்னது. அதைப் பற்றியே இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

2023ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் நாங்கள் பதினொருவர் இமயப் பயணம் புறப்பட்டோம். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றோர் சிலர், படைவீரராக இருந்து ஊர் திரும்பிய ஒருவர், பட்டாசு ஆலையில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்து, செவிலியரான மகளின் வற்புறுத்தலால் எங்களோடு வந்த ஓர் அம்மாள், கல்லூரி விடுமுறையில் இருந்த இரண்டு இளைஞர்கள் எனக் கலவையான குழு எங்களுடையது. உத்தராகண்ட் மாநிலத்தில் மலர்ப் பள்ளத்தாக்கு என்றொரு தேசியப் பூங்கா உண்டு. 1931இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்னும் ஆங்கிலேயர் தம் தோழர்களோடு அங்கே வந்திறங்கி, பின்னர் 1938இல் அதைப் பற்றி நூல் எழுதி உலகறியச் செய்தார். 1982இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2005இல் உலக மரபுச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. ஆண்டில் ஜூன் முதல் நாள் திறந்து அக்டோபர் முடிவில் மூடப்படும். அதன் பக்கத்திலேயே, 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், ஹேம்குண்ட் சாகிப் என்னும் சீக்கியத் திருத்தலமும் அதன் ஏரியும் உள்ளன. ஏரியைக் கண்டு, பள்ளத்தாக்கின் வாயில் திறக்கும் நாளில் உள்ளே சிறிது நடந்து திரும்புவது எங்கள் திட்டம்.

மதுரையில் ரயிலேறித் தில்லி வழியாக ஹரித்துவாரம் சென்று, ரிஷிகேசத்திலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் மலைச்சாலையில் சோசிமட் நகரை அடைந்தோம். அவ்வாண்டு சனவரியில்தான் அந்நகரத்தின் நிலம் அமிழ்ந்து வீடுகளில் விரிசல் கண்டிருந்தது; குடும்பங்கள் பல வெளியேற்றப்பட்டிருந்தன. அதற்கு அப்பால் அலக்நந்தா ஆற்றங்கரையில் கோவிந்த்காட். நடைபாதை தொடங்கும் இடம் அது. அங்கே எங்களுக்குக் கிடைத்த செய்தி: மேலே கடும் பனி பெய்கிறது, மறு அறிவிப்பு வரும்வரை எவரும் ஏறலாகாது.

திருத்தலம் மே 20ஆம் நாளே திறக்கப்பட்டிருந்தது. படைவீரர்கள் முன்கூட்டியே சென்று பனிச்சுவரை வெட்டிப் பாதை அமைத்திருந்தார்கள். ஆனால் அவ்வாண்டு பனி விடுவதாக இல்லை. சிறுவரும் 60 வயது கடந்தோரும் தொடக்க நாட்களில் அனுமதிக்கப்படவில்லை. கேதார்நாத்திலும் ஏப்ரல் இறுதி முதலே பனிப்பொழிவால் பயணப் பதிவை நிறுத்தி நிறுத்தித் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். எங்களில் ஐவர் அறுபதைக் கடந்தவர்கள்.

இவ்வளவு பிந்தி ஏன் பனி பெய்கிறது என்று எங்கள் இளைஞர்கள் கேட்டார்கள். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்து வரும் காற்றுக் கலக்கங்கள் இமயத்தில் மோதிக் குளிர்காலத்தில் பனியையும் மழையையும் தருகின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை அவற்றின் காலம். சில ஆண்டுகளில் அவை ஏப்ரல், மே மாதங்களிலும் அடுத்தடுத்து வந்து சேர்கின்றன. அப்போது கீழே மழை, மேலே பனி. கோடை வெயில் பழைய பனியைக் கரைக்கத் தொடங்கிய வேளையில் புதுப்பனி அதன்மேல் வந்து படிகிறது. இரண்டும் ஒட்டுவதில்லை. பகல் ஏற ஏற மேலடுக்கு நீர் கோத்துக் கனத்துச் சரிகிறது. ஓடைகளின்மேல் பாலம்போல் கிடக்கும் பனிக்கு அடியில் நீர் ஓடி ஓடி உட்புறம் பொள்ளலாகிவிடுகிறது. மேலே நின்று பார்ப்பவருக்கு வெள்ளைவெளேரென்ற உறுதியான தரை, உள்ளே வெற்றிடம். மாரிக்காலத்துப் பனியைவிட இந்தப் பிந்திய பனியே வழிப்போக்கருக்கு ஆபத்தானது என்று எங்கள் முன்னாள் படைவீரர் விளக்கினார். தம் பணிக்காலத்தில் அதை மிதித்தறிந்தவர் அவர்.

இரண்டு நாள்கள் கோவிந்த்காட்டில் தங்கினோம். அங்குள்ள சீக்கியர் குருத்துவாராவில் வந்தோர் அனைவருக்கும் விலையின்றி உணவும் தங்க இடமும் தருகிறார்கள். சாதி கேட்பதில்லை, சமயம் கேட்பதில்லை. தரையில் வரிசையாக அமர்ந்தோம். ரொட்டியும் பருப்பும் பரிமாறினார்கள். எங்கள் கழுத்துச் சிலுவையைக் கண்ட ஒரு முதியவர் இன்னும் ஒரு கரண்டி பாயசத்தைத் தட்டில் இட்டுச் சிரித்தார். பிற சமயத்தில் உள்ள உண்மையானதையும் தூயதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கற்பித்ததைப் பங்குக் கூட்டங்களில் கேட்டிருக்கிறோம். அன்று அதைச் சுவைத்தோம்.

காத்திருந்த அந்த இரண்டு நாள்களில்தான் கோவேறு கழுதைக்காரர் ஒருவரோடு பழக்கம் ஏற்பட்டது. பியூந்தர் பள்ளத்தாக்குக்காரர். முதியோரை ஏற்றிச் செல்ல அவரிடம் நான்கு கழுதைகளுக்கு முன்பணம் கொடுத்திருந்தோம். படைவீரர் இந்தியில் பேச, நாங்கள் சூழ்ந்து அமர்ந்து கேட்டோம். ஜூன் தொடங்கி அக்டோபர் முதல் வாரம்வரைதான் அவர்களுக்குப் பிழைப்பு. அதற்குள்ளும் ஜூலை, ஆகஸ்டில் மழையும் மண்சரிவும் பல நாள்களை விழுங்கிவிடும். அந்த நான்கு மாதச் சம்பாத்தியத்தில்தான் பனிரெண்டு மாதம் குடும்பம் நடக்கவேண்டும். 2013 ஜூன் வெள்ளத்தில் கோவிந்த்காட்டின் கட்டடங்களும் வண்டிகளும் ஆற்றோடு போனதைக் கைகாட்டிச் சொன்னார். அந்த ஆண்டு பிழைப்பே இல்லை என்றார். "பாதை மூடினாலும் கழுதை தின்னாமல் இருக்குமா, பாபுஜி?" என்று அவர் கேட்டதைப் படைவீரர் மொழிபெயர்த்தபோது எங்களில் எவரும் சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை வேற்று மாநிலத்துப் பயணிகள் சிலர் அவரிடம் வந்தனர். அவர்களுக்கு விமானத்துக்கு நாள் நெருங்கியிருந்தது. காவலர் கண்ணில் படாமல் விடியுமுன் மேலே அழைத்துச் சென்றால் இரு மடங்கு கூலி தருவதாகச் சொன்னார்கள். பிறகு மூன்று மடங்கு என்றார்கள். அவர் தலையை அசைத்து மறுத்தார். அவர்கள் கோபித்துக்கொண்டு போனபின், எங்கள் படைவீரர் காரணம் கேட்டார். "வழி எனக்குத் தெரியும். பனிக்கு என்னைத் தெரியாது" என்பதே பதில். மூன்று நாள் கூலியை ஒரே விடியலில் ஈட்டும் வாய்ப்பை அவர் கைவிட்டார். அன்றிரவு அவர் வீட்டுக்கு வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார்.

அதைக் கேட்டு முதலில் பேசியவர் எங்கள் பட்டாசு ஆலை அம்மாள்தான். "எங்களுக்கும் இதே கதைதான் சார். இடி இடிச்சா அறையை மூடிட்டு வெளிய போகச் சொல்லிருவாங்க. மழை பிடிச்சா மருந்து காயாது. வேலை இல்லேன்னா கூலியும் இல்லை. வீட்டுல உலை மட்டும் நிக்காது" என்றார்.

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரங்களில் பிறந்த நமக்கு இது விளக்கவேண்டாத உண்மை. இடி மின்னல் நேரத்தில் வெடிமருந்து அறைகளில் வேலை நிறுத்தப்பட வேண்டும் என்பது விதி. மருந்துக் கலவையைக் காலைக் குளிர்ச்சியிலேயே முடித்துக்கொள்வது நல்ல ஆலைகளின் வழக்கம். அந்த நிறுத்தத்தை மதித்த இடங்களில் உயிர்கள் பிழைத்தன. தீபாவளி நெருக்கத்தில் அவசரப்பட்ட இடங்களில் என்ன நடந்தது என்பதை நம் கல்லறைத் தோட்டங்கள் சொல்லும். ஆயினும் நிறுத்தத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்? எண்ணிக்கைக் கூலிக்குத் திரி சொருகுபவரே கொடுக்கிறார். வெடிக்கடையில் பெட்டி வாங்குபவர் கொடுப்பதில்லை. அதுபோலவே, மலைப்பாதை மூடிக் கிடக்கும் நாள்களில் பயணிக்கு இழப்பு ஒரு காட்சி. மலைவாசிக்கு இழப்பு ஒரு வேளைச் சோறு. இரண்டையும் 'தாமதம்' என்ற ஒரே சொல்லால் குறிப்பது நீதியாகாது.

அன்றிரவு படுக்குமுன் செபமாலை சொல்லி முடித்தபின் எங்களுக்குள் ஒரு பேச்சு எழுந்தது. கழுதைகளுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்பதா, விடுவதா? பயணம் நடக்காவிட்டால் பணம் திரும்பும் என்பது முதலில் பேசிய பேச்சு. எங்களில் பலரும் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து வந்தவர்கள். கேட்பதில் தவறொன்றுமில்லை என்று சிலர் கருதினர். கருத்து வேறுபாடு கொஞ்சம் சூடாகவே இருந்தது. திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமையை ஒரு டீச்சர் நினைவுபடுத்தினார். பகல் முழுதும் சந்தை வெளியில் நின்றவர்கள் சோம்பேறிகளல்லர். எவரும் அவர்களை வேலைக்கு அமர்த்தவில்லை, அவ்வளவே. கடைசி மணி நேரத்தில் வந்தோருக்கும் தோட்டக்காரர் முழுக் கூலியே தந்தார். நின்ற நேரத்திலும் அவர்களுக்குப் பசித்திருக்குமல்லவா? அதற்குமேல் வாதம் நடக்கவில்லை. காலையில் முன்பணம் அவருடையதே என்று சொல்லிவிட்டோம். அவர் வாங்கத் தயங்கினார். "தானம் வேண்டாம்" என்றார். "தானமில்லை, நீங்கள் எங்களுக்காகக் காத்திருந்த கூலி" என்று படைவீரர் சொன்னபின்தான் பையில் வைத்தார்.

மூன்றாம் நாள் மழை ஓய்ந்தது. கங்காரியா என்னும் மலையூர்வரை செல்ல இசைவு கிடைத்தது. 3,000 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரை மெல்ல மெல்ல நடந்தும் கழுதையேறியும் அந்திக்குள் அடைந்தோம். அங்கிருந்து ஹேம்குண்டுக்குச் செங்குத்தாக ஆறு கிலோமீட்டர். முதியோர்க்குத் தடை நீடித்தது. ஐவரை விட்டுவிட்டு மற்றவர் போகலாம் என்றோம். இளைஞர்கள் இருவரும் மறுத்துவிட்டனர். பள்ளத்தாக்கின் வாயில் திறக்கவோ இன்னும் நாள் இருந்தது; எங்கள் திரும்பு பயணச்சீட்டு அதுவரை பொறுப்பதாக இல்லை. மறுநாள் விடியலில் ஊருக்கு வெளியே ஒரு பாறைமேல் நின்று, மேகம் விலகிய கால்மணி நேரம் மேலே பார்த்தோம். சரிவெங்கும் வெள்ளை. அதன் விளிம்பில், பனி கரைந்த ஓர் அடி மண்ணில், கையகலத்துக்கு ஊதாப் பூக்கள். நெபோ மலையில் நின்று வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கண்ணால் மட்டும் கண்ட மோசேயை நினைத்துக்கொண்டோம். ஏரியைப் பார்க்கவில்லை, மலர்ப் பள்ளத்தாக்கில் காலடி வைக்கவில்லை. இறங்கினோம்.

ஊர் திரும்பிய நாள்களில், ஜூன் 4ஆம் நாள் ஹேம்குண்ட் பாதையில் அட்லாகோட்டி என்னுமிடத்தில் பனிச்சரிவு ஏற்பட்டு, குடும்பத்தோடு சென்ற பெண்ணொருவர் இறந்ததாகவும் உடன் சென்றோர் மீட்கப்பட்டதாகவும் செய்தி வந்தது. எங்களுக்கு நேராதது அவர்களுக்கு நேர்ந்தது என்று ஆறுதல் கொள்ள மனம் ஒப்பவில்லை. அவர்களும் திறந்திருந்த பாதையில் முறையாகச் சென்றவர்களே. அந்தக் குடும்பத்துக்காகச் செபித்தோம். கழுதைக்காரர் சொன்ன சொல்லின் எடை அன்றுதான் முழுமையாக விளங்கியது. அதே வாரங்களில் தமிழ்நாட்டில் வெயில் தணியாததால் பள்ளி திறப்பு ஜூன் 12க்குத் தள்ளிப்போயிருந்தது. அங்கே குளிர் வழியை மறித்தது. இங்கே வெப்பம் வாசலை மறித்தது.

மலையும் காத்திருத்தலும் நம் திருச்சபைக்குப் புதியவையல்ல. சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே 2,469 மீட்டர் உயரத்தில் பெரிய புனித பெர்னார்து கணவாய் இருக்கிறது. ஜூன் வந்தால்தான் அதன் சாலை பனி நீங்கித் திறக்கும். அக்டோபரில் மீண்டும் மூடும். பதினோராம் நூற்றாண்டின் நடுவில் மெந்தோன் ஊர்ப் புனித பெர்னார்து அங்கே வழிப்போக்கர் இல்லமொன்றை நிறுவினார். அகுஸ்தின் விதிமுறைப்படி வாழும் துறவியர் இன்றுவரை, வழி மூடிய மாதங்களிலும், அங்கே தங்கி வருவோரை வரவேற்கிறார்கள். பனியில் சிக்கியவரைத் தேடி மீட்க அவர்கள் வளர்த்த நாய்கள் உலகப் புகழ் பெற்றவை. 1923இல் அப்புனிதரை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்த திருத்தந்தை பதினோராம் பயஸ், இளமையில் தாமே ஆல்ப்சு சிகரங்களில் ஏறியவர். 2025 செப்டம்பர் 7ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட பியர் ஜார்ஜியோ பிரசாத்தியும் மலையேற்றத்தில் பேரார்வம் கொண்ட இளைஞரே. தூரின் நகர ஏழைகளின் குடிசைப் படிகளையும் அதே ஆர்வத்தோடு ஏறியவர். கணவாயில் அத்துறவியர் செய்ததை எண்ணிப் பாருங்கள். பனியை அவர்கள் விலக்கவில்லை, விலக்க இயலாது. பனி விலகும்வரை மனிதருக்கு உணவும் நெருப்பும் கொடுத்தார்கள். கோவிந்த்காட்டில் சீக்கியப் பெரியோர் எங்களுக்குச் செய்ததும் அதுவே.

நம் மாவட்டத்திலும் மூடும் மலைவாயில் ஒன்றுண்டு. வத்திராயிருப்புக்கு அருகே தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறும் பாதை, 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் செல்கிறது. மழை பெய்து ஓடைகளில் நீர் வரத்து மிகுந்தால் அங்கே இந்துச் சகோதரர்கள் அடிவாரத்திலேயே நிறுத்தப்படுகிறார்கள். 2015 மே மாதத்துத் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்ததை அப்பகுதி மக்கள் மறக்கவில்லை. 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட நடைப்பயணிகள் மாண்டதையும் நாம் மறக்கலாகாது. வடக்கே பனி, இங்கே வெள்ளமும் தீயும். மூடிய வாயிலின் முன் எழும் முணுமுணுப்பு மட்டும் எங்கும் ஒன்றுதான். தாணிப்பாறையிலும் கடை போட்டவர் உண்டு, ஆட்டோ ஓட்டுபவர் உண்டு. அவர்களுடைய உலையையும் நாம் நினைக்கவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிரியும்போது கழுதைக்காரரிடம், "இந்தப் பனி தொல்லைதானே?" என்று எங்கள் டீச்சர் கேட்டார். அவர் உடனே மறுத்தார். பனி குறைந்த ஆண்டில் ஊற்றுகள் சீக்கிரம் இளைத்துவிடும். பிந்திப் பெய்யும் பனி பிந்தியே கரைந்து கோடையின் நடுவிலும் நீர் தரும் என்றார். பத்துச் சென்டிமீட்டர் புதுப்பனி உருகினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீர் என்பது கணக்கு. மலைச்சரிவு முழுவதும் அவ்வாறு தேங்கி நிற்கும் நீரை எண்ணிப் பார்த்தோம். ஐப்பசியில் பெருகிய கண்மாய் பங்குனிவரை தாங்குமா என்று கரையில் நின்று கணக்குப் பார்க்கும் ஊரில் பிறந்தவர்கள் நாங்கள். அவர் சொன்னது எங்களுக்கு உடனே புரிந்தது. எங்கள் வழியை மறித்த பனி, கீழே எவருடைய வயலுக்கோ சேமித்து வைக்கப்பட்ட தண்ணீர். எசாயா நூலின் 55ஆம் அதிகாரம் மழையையும் பனியையும் ஒருசேரக் குறிப்பிட்டு, இரண்டும் நிலத்தை நனைத்துப் பயன் விளைக்காமல் வானுக்குத் திரும்புவதில்லை என்று இறைவாக்குக்கு உவமை காட்டுகிறது. மழையை அறிந்த நாங்கள் பனியின் பங்கை அன்று அறிந்தோம்.

வாசக அன்பர்களே, நீங்களும் வேளாங்கண்ணிக்கோ, மலையாற்றூருக்கோ, இன்னும் தொலைவான திருத்தலங்களுக்கோ செல்வீர்கள். எங்கேனும் ஒரு வாயில் உங்கள்முன் மூடக்கூடும். அப்போது அதற்குப் பின்னால் இருக்கும் ஆபத்தை நம்புங்கள். அதற்கு முன்னால் நின்று பிழைப்பை இழப்பவரைத் தேடிப் பாருங்கள். உங்கள் நிறுத்தத்துக்கு அவர் கொடுக்கும் விலையில் ஒரு பங்கையேனும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். காத்திருப்பது புண்ணியம் என்று நமக்குச் சிறுவயது முதல் சொல்லித் தந்திருக்கிறார்கள். காத்திருக்க வசதியில்லாதவரோடு சேர்ந்து காத்திருக்கும்போதுதான் அது புண்ணியமாகிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.